விசாரிக்கப் போன இடம்

ஏனுங்க சார், தமிழுங்களா? நெனச்சேன். துணிக்கடைப் பையில கரூர்னு போட்டிருக்குதே. உக்காருங்க, இந்த பெஞ்சு காஞ்சுதான் இருக்குது. படகு வர்றதுக்கு இன்னும் சித்த நேரம் ஆகும். அந்தா, நடு ஆத்துல வெள்ளையா நாலு மாடிக்கு நிக்குதே, அதுதானுங்க கேசினோ. அது எங்கயும் போகாது, நங்கூரம் போட்டு அங்கயே நிக்கும். நம்மளக் கொண்டு போயி விடறதுக்குச் சின்னப் படகு வரும். ஊட்டுக்காரம்மா போட்டோ எடுக்கறாங்களா? எடுக்கட்டும், எடுக்கட்டும். உள்ள போனா எடுக்க உடமாட்டான்.

நான் ஆட வந்தவன் இல்லீங்க. அத மொதல்லயே சொல்லிப்புடறேன். இந்த வரிசையில நிக்கறானுங்களே, இவனுங்களோட என்னையச் சேத்துப் பாத்துறாதீங்க. எம்பேரு அர்த்தநாரி, திருச்செங்கோடு. கவர்மெண்ட் பஸ்ஸுல கண்டக்டராச் சேந்து செக்கிங் இன்ஸ்பெக்டராகி ரிட்டயர் ஆனவன். டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சிய நான் எறநூறு பேருக்கு நடுவுல கண்டுபுடிப்பேன். வாயத் தொறக்கவே வேண்டாம். எச்சி முழுங்கறதப் பாத்தே சொல்லிருவேன். அப்படி முப்பத்து மூணு வருசம் மனுசனோட மூஞ்சியத்தான் படிச்சிருக்கேன்.

இங்க பாருங்க, அந்தக் கையில காப்புப் போட்டவன். அவன் நேத்தும் வந்தான். தோத்துப் போயி, கண்ணாடிக் கதவுக்கிட்ட நின்னு யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சுனான். இன்னைக்குச் சட்டைய மாத்திக்கிட்டு, ஊருக்கே மணியகாரனாட்டம் நிக்கறான். அக்கட்டால அந்தப் புதுசாக் கல்யாணம் ஆனதுக. கையில மருதாணிகூட அழியல. கடலப் பாக்க வந்துட்டு இங்க நிக்குதுக. அந்த நாலு பேரு ஒரே கலர் பனியன் போட்டிருக்கானுங்களே, அவனுங்க ஊட்டுல கம்பெனி மீட்டிங்குன்னு சொல்லிட்டு வந்திருப்பானுங்க. எழுதித் தர்றேன்.

நீங்க மொதத் தடவையா? அப்பத் தெரிஞ்சுக்கங்க. கேசினோ கேசினோன்னு என்னமோ பெருசா நெனச்சுக்கிட்டு வர்றாங்க. உள்ள போயிப் பாத்தா என்னங்கறீங்க? நம்மூரு உள்ளே வெளியேதானுங்க. சத்தியமா. நோம்பிக் காலத்துல புளியமரத்தடியில துண்ட விரிச்சுப் போட்டு ஆடுவானுங்களே, போலீசு வந்தா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடுவானுங்களே, அதே ஆட்டம். ஒரு சீட்டு நடுவுல. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு போட்டுக்கிட்டே வர்றது. அந்த நம்பரு எந்தப் பக்கம் உழுகுதோ அந்தப் பக்கம் கட்டுனவன் ஜெயிச்சான். ஒரு பச்சப்புள்ள ஆடலாம். புளியமரத்தடியில ஆடுனா போலீசு புடிச்சு லாடம் கட்டுவான். இங்க ஏசி போட்டு, பட்டாம்பூச்சி மாதிரி கழுத்துல டை கட்டுன புள்ளைக "சார், உள்ளயா வெளியயா"ன்னு இந்தியில கேக்குதுக. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பறம் ஒரு தட்டு சுத்தும், அதுல கோலிகுண்டு ஓடும். அதுக்கு முன்னால பெரிய பெரிய ஆளுக எல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு நிப்பாங்க. எம்பக்கத்துல ஒரு டாக்டரு நின்னாரு. கண்ணு டாக்டருன்னாரு. அந்தக் குண்டு ஓடறப்ப அவரு என்ன பண்ணாரு தெரியுங்களா? கண்ண மூடிக்கிட்டாரு. இது ஒரு பொழப்பா?

சரி, நீங்க ஏன் வந்தீங்கன்னு கேப்பீங்க. கேளுங்க. கேக்க வேண்டிய கேள்விதான்.

எம்பொண்ணு கல்யாண விசயமாத்தானுங்க வந்தேன். ஒத்தப் புள்ள. கோகிலவாணி. ஈரோட்டுல பேங்க்குல வேலை. கோயமுத்தூர்ல இருந்து ஒரு எடம் அமைஞ்சுது. பையன் கிஷோரு, இன்ஜினியரு, குனிஞ்ச தல நிமிராத பையன். அவங்கப்பன் நாச்சிமுத்து, பம்ப்செட் பட்டறை வெச்சிருக்கறவரு. பொண்ணு பாத்தாச்சு, ரண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு, சாதகம் ஏழு பொருத்தம். அப்பறமென்ன, விசாரிக்கோணுமில்லீங்களா? நம்ம பக்கத்துல விசாரிக்காம பொண்ணக் குடுத்தா மனுசனா அவன்? பட்டறைக்கு எதுத்தாப்புல டீக்கடை, குலதெய்வக் கோயில் பூசாரி, பழைய வாடகை ஊட்டுக்காரன்னு ஒவ்வொருத்தரா விசாரிச்சேன். எல்லாரும் தங்கமான மனுசன்னாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா எனக்குச் சந்தேகம் வருமுங்க. தொழில் அப்படி.

கடேசியா அந்த டீக்கடைக்காரன்தான் ஒரு வார்த்தை உட்டான். "அவரு மாசாமாசம் கோவா போயிருவாருங்க. அந்த ஆத்துல நிக்கற சூதாட்டக் கப்பல்ல ஏறுறத எங்க மச்சான் பாத்திருக்கான்"னான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சூதாடி ஊட்டுலயா எம்பொண்ணக் குடுக்கறது? ஆனா ஒரு டீக்கடைக்காரன் பேச்ச நம்பி எடத்த ஒடைக்கவும் முடியாது. கண்ணால பாக்கோணும். கையும் களவுமாப் புடிக்கோணும். ஊட்டுல பரிமளத்துக்கிட்ட, அதாவது எம்பொண்டாட்டிகிட்ட, கூட வேலை செஞ்ச ஆளு மகனுக்கு ஹூப்ளியில கல்யாணம்னு சொல்லிட்டு ரயிலேறிட்டேன். பொய்தான். பொண்ணுக்காகச் சொன்ன பொய்.

வந்தேன். டிக்கெட் வாங்கினா சாப்பாடு, காப்பி, பலகாரம் எல்லாம் அதுலயே சேத்தி. கூடவே கையில கலர் கலரா வில்லை குடுக்கறான், பிளாஸ்டிக்குல. அதக் காசா மாத்த முடியாது, ஆடித்தான் தீக்கோணும். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அப்பறம் யோசிச்சேன். டிக்கெட்டுக்கு உண்டானத நாம ஏன் உடோணும்? திருச்செங்கோட்டுல இருந்து சேலத்துக்கு டிக்கெட் வாங்கிட்டு மல்லசமுத்திரத்துல எறங்கறவன் இருக்கானா? அது தவிர, ஆடாம சும்மா நின்னா அந்தக் காவல்காரனுங்க ஒரு மாதிரி பாக்கறானுங்க. நாச்சிமுத்து வர்ற வரைக்கும் சந்தேகம் வராம நிக்கோணுமே. அதுக்காகத்தான் உக்காந்தேன்.

மொத நா அவரு வரல. ஒரு நா பாத்தா விசாரணை ஆகுமுங்களா? அடுத்த மாசமும் வந்தேன். அதுக்கடுத்த மாசமும் வந்தேன்.

நோட்டு ஒண்ணு வாங்குனேன், பாக்கெட் சைசுல. விசாரணைக்கு. மொதப் பக்கத்துல நாச்சிமுத்துன்னு பேரெழுதி அடிக்கோடு போட்டேன். மத்தப் பக்கத்துல எல்லாம் சும்மா, எந்தப் பக்கம் சீட்டு உழுகுதுன்னு உ, வெ, உ, வெ-ன்னு குறிச்சு வெப்பேன். அதுல ஒரு கணக்கு இருக்குதுங்க. ஏழு தடவை வெளிய உழுந்தா எட்டாவது உள்ளதான் உழுகும். பெரும்பாலும். சீட்டுப் போடற புள்ளையோட மூஞ்சியப் பாத்தாலும் தெரியும். எனக்குத் தெரியும். இந்தக் கூட்டத்துக்கு அதெல்லாம் புரியாது. இதுக எல்லாம் கண்ண மூடிக்கிட்டு ஆடறதுக. அதனாலதான் தோக்குதுக.

நானா? நான் ஆடறதில்லன்னுதான் சொன்னனுங்களே. நான் கவனிக்கறேன்.

ஏன் இந்தச் சனங்க இங்க வந்து உழுகுதுன்னு கவனிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன், கேளுங்க. சும்மா காசு ஆசைன்னு நெனப்பீங்க. காசில்லீங்க. காசு ஆசை இருக்கறவன் ரண்டாம் நா வரமாட்டான். இங்க மரியாதை குடுக்கறான். அதுதான் தூண்டில். ஊட்டுல எவன் இவனுங்கள மதிக்கறான்? இங்க வந்து குந்துனதும் ஒரு புள்ள ஓடி வந்து "என்ன சாப்பிடறீங்க சார்"ங்குது. நாக்காலிய இழுத்துப் போடறான். மூணாவது தடவை வந்தா பேரு சொல்றான். "வாங்க நாரி சார்"ங்கறான். அர்த்தநாரின்னு முழுசா வாய்ல வராது, வடக்கத்தி ஆளு. அந்தப் புள்ள, சீட்டுப் போடறது, மணிப்பூர் பக்கம். எனக்குச் சக்கர இருக்குதுன்னு ஒரு தடவதான் சொன்னேன். அப்பறம் ஒவ்வொரு தடவையும் அதுவே "சக்கர இல்லாம டீ"ன்னு சொல்லி வரவழைக்கும். எம்பொண்டாட்டிக்கு இன்னும் அது நெனப்புல நிக்க மாட்டேங்குது. ரிட்டயர் ஆனதுல இருந்து எங்க ஊட்டுல என்னைய அந்த ஃபேனுக்கு அடியில இருந்து நகந்து உக்காருங்கன்னு சொல்றதுக்குத்தான் கூப்புடறாங்க.

நான் எதுக்குச் சொல்றேன்னா, அந்த மரியாதையெல்லாம் வேஷம். சம்பளத்துக்குப் பண்றது. அது தெரியாம இந்தக் கூட்டம் பல்லிளிச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. எனக்குத் தெரியும். தெரிஞ்சு உக்காரறவன் வேற, தெரியாம உக்காரறவன் வேற.

அஞ்சாவது தடவை வந்தப்பதானுங்க அது நடந்துச்சு. எட்டாவது உள்ள உழுகும்னு கட்டுனேன். உழுந்துச்சு. மறுபடி கட்டுனேன், உழுந்துச்சு. அன்னைக்கு என்ன கெரகமோ, தொட்டதெல்லாம் உழுகுது. சுத்தியும் கூட்டம் கூடிருச்சு. ஒருத்தன் மணிய அடிக்கறான். மேடையில பாட்டு பாடிக்கிட்டு இருந்தவன் மைக்குல "நாரி சார்! நாரி சார்!"ங்கறான். மினுக்குத் தொப்பி ஒண்ணு கொண்டாந்து எந்தலையில வெச்சுட்டாங்க. நாக்காலி மேல ஏறச் சொன்னாங்க. நானா ஏறல, நாலு பேரு தூக்கி உட்டாங்க. ரண்டு கையையும் மேல தூக்கு தூக்குன்னானுங்க, தூக்கினேன்.

அப்பத்தான் அந்த மூலையில ஒரு இரும்புக் கதவு தொறந்துச்சு. காக்கிப் பேண்டு, கையெல்லாம் கிரீசு, ஒரு கையில ஸ்பேனரு. நாச்சிமுத்து.

அவரு அந்தக் கப்பலுக்கு அடியில தண்ணி எறைக்கற மோட்டாரப் பாத்துக்கறவராமுங்க. கப்பல்னா அடியில தண்ணி ஊறிக்கிட்டே இருக்குமாம், எறைக்காட்டி முழுகிருமாம். பதினோரு வருசமா மாசம் ஒருக்கா வந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறாராம். அத ஊருல ஒரு பயலாவது சொன்னானா? சூதாட்டக் கப்பல்ல ஏறுனாருன்னு சொன்னானே தவிர, எதுக்கு ஏறுனாருன்னு சொன்னானா? என்ன விசாரணை சொல்லுங்க இது.

அவரு என்னையப் பாத்தாரு. நாக்காலி மேல, தொப்பியோட. நான் அவரப் பாத்தேன். கிட்ட வந்தாரு. வந்து, "வாங்க சம்மந்தி, சாப்ட்டீங்களா?"ன்னாரு.

பாத்தீங்களா திமிர? திட்டியிருக்கலாம். எகத்தாளமா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நாலு கேள்வி கேட்டிருந்தா நானும் நாலு பதில் சொல்லியிருப்பேன். ஊட்டுத் திண்ணக்கு வந்த ஒறம்பரைய விசாரிக்கறாப்புல, சாப்ட்டீங்களாங்கறாரு. நான் கீழ எறங்கி, "உங்களப் பத்தி விசாரிக்கத்தான் வந்தேன்"னேன். உண்மையத்தானே சொன்னேன். அவரு எந்தலையப் பாத்தாரு. அப்பத்தான் தொப்பி இன்னும் இருக்கறது தெரிஞ்சுது.

ஒரு வாரம் கழிச்சு ஊட்டுக்கு வந்தாரு, தனியா. பொண்ணு வேண்டாம்னு சொல்லத்தான் வந்திருக்காருன்னு நெனச்சேன். இல்லீங்க. சீரு வேண்டாம், நகை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். "எங்கப்பா சீட்டாடிக் காடு தோட்டமெல்லாம் தோத்தவருங்க. நாங்க கூலிக்குப் போயித்தான் படிச்சோம். எம்மருமக அந்தத் துன்பம் படக் கூடாது. நிச்சயத்தன்னைக்கு மலைக்கோயில்ல சம்மந்தி சூடத்த அணைச்சு, இனி ஆடறதில்லன்னு ஒரு சத்தியம் பண்ணாப் போதும்"னாரு.

சொல்லுங்க சார், நீங்க நாயஸ்தராத் தெரியறீங்க. உள்ளங்கையால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்றது யாரு? தப்புப் பண்ணுனவன். ஆடுனவன். நான் ஆடவே இல்லியே! விசாரிக்கப் போனவன். நான் சத்தியம் பண்ணுனா ஆடுனத ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? முப்பத்து மூணு வருசம் ஊர்ல இருக்கறவனையெல்லாம் செக் பண்ணுனவன, ஒரு பம்ப்செட்டு மெக்கானிக்கு செக் பண்றதா?

ஆனாலும் போனனுங்க. பொண்ணு மூஞ்சிக்காகப் போனேன். அறுபது பேரு சுத்தி நிக்கறாங்க. தட்டுல சூடம் எரியுது. பூசாரி தட்ட நீட்டறான். கையத் தூக்கிட்டேன். தூக்கிட்டனுங்க. பரிமளம் கண்ண மூடிக் கும்புட்டுக்கிட்டு இருக்கறா. கோகிலா மட்டும் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பஸ்ஸுல கடேசி சீட்டுல உக்காந்திருக்கறவனப் பாத்து நான் நடந்து போவேன் பாருங்க, அந்தப் பார்வை. என்னையப் படிக்கறா.

கைய எறக்கிட்டேன். "தப்புப் பண்ணுனவன்தான் சத்தியம் பண்ணோணும்"னு சொல்லிட்டு மலைய விட்டு எறங்கிட்டேன். சூடம் எரிஞ்சு தானா அணைஞ்சிருக்கும்.

எடம் ஒடஞ்சுரும்னு நெனச்சேன். ஒடையல. நாச்சிமுத்து பொண்ண உட மாட்டேன்னுட்டாரு. எம்மச்சான் சென்னியப்பன் இருக்கறானே, பரிமளத்தோட தம்பி, வாழ்க்கையில ஒரு காரியத்தையாவது முழுசாப் பண்ணியிருக்கானா அவன்? அவன் முன்னால வந்து, "நான் நின்னு பண்ணி வெக்கறேன்"னுட்டான். பத்திரிகையில எம்பேரு இருக்குது. பேரு மட்டும் இருக்குது.

போன வாரம் கோகிலா வந்து எம்பக்கத்துல உக்காந்தா. கையில அந்த நோட்டு. எப்ப எடுத்தாளோ. மொதப் பக்கத்துல இருந்து ஒவ்வொரு பக்கமாத் திருப்புனா. உ, வெ, உ, வெ. தொண்ணூத்தாறு பக்கம். ஒண்ணும் திட்டல. "அப்பா, கோயிலு வேண்டாம், சூடம் வேண்டாம், யாரு முன்னாலயும் வேண்டாம். எங்கிட்ட மட்டும், இனி அங்க போகமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்கதான் தாரை வாக்கோணும். மாமன நகந்துக்கச் சொல்றேன்"னா.

ஒரு வார்த்தைதானுங்க. யாருமே இல்ல. பரிமளம்கூட அடுப்படியில இருந்தா. தொண்டை வரைக்கும் வந்துச்சுங்க. எச்சி முழுங்குனேன்.

எம்பொண்ணு எந்திரிச்சுப் போயிட்டா.

படகு வந்துருச்சு பாருங்க. ஊட்டுக்காரம்மாவக் கூப்புடுங்க, முன்னாடி போனா சன்னலோரம் எடம் கெடைக்கும். பாருங்க இந்தக் கூட்டத்த, எப்படி முண்டுதுக. மாடுகூட இப்படி முண்டாது.

என்ன? கல்யாணம் எப்பன்னா கேக்கறீங்க?

மணி என்னங்க இப்ப? ஒம்பது இருவதா. ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம். இன்னைக்குத்தானுங்க. திருச்செங்கோட்டுலதான். மண்டபத்துக்குன்னுதான் முந்தாநாத்து பொறப்பட்டேன், புது வேட்டி கட்டிக்கிட்டு. இதுதான் அந்த வேட்டி. பஸ் ஸ்டாண்டுல ஈரோடு ஜங்சன் போற வண்டி நின்னுச்சு, ஏறிட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க. நீங்க யாரு என்னையப் பாக்கறதுக்கு? நீங்க மட்டும் என்ன, கோயிலுக்கா போறீங்க? பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு நீங்களும் இதே வரிசையிலதானே நிக்கறீங்க?

கோவிச்சுக்காதீங்க சார். வாங்க. உள்ள போயிட்டா ஒண்ணு மட்டும் நல்லா இருக்கும். எந்தச் செவுத்துலயும் கடிகாரம் இல்ல. சன்னலுக்கெல்லாம் திரை போட்டிருப்பான். மணி பத்தாச்சா, பத்தரை தாண்டிருச்சான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. போன நான் ரூம்லயே வெச்சுட்டு வந்துட்டேன். உங்க கையில வாட்ச் இருக்குது. தயவு பண்ணி, நான் கேட்டாலும் மணி சொல்லாதீங்க.